சங்குப்பூவின் மூலையில் நாலெழுத்து

பாதி பிளேடால் பென்சில் சீவும்போது எழுகிற மரவாசனையும், அடுப்பில் புளி கொதிக்கிற வாசனையும் ஒன்றாய்க் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எங்கள் அம்மாவின் கை அப்படித்தான் இருந்தது என்று சொல்வேன். அதுவும் ஒரே ஒரு வருஷம், சரியாகச் சொன்னால் ஒரு ஆடியில் தொடங்கித் தை வரைக்கும். அதற்கு முன்னால் அந்தக் கையில் புளியும் மஞ்சள்பொடியும் துணிசோப்பும்தான் மணந்தன. அதற்குப் பின்னாலும் அவைதான். நடுவில் வந்துபோன அந்தப் பென்சில் வாசனை வந்ததற்கும் நான்தான் காரணம், போனதற்கும் நான்தான் காரணம். வந்த கதையைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். போன கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், மாடியில், ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள "போர்ஷனில்" நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை ஒன்பதுக்குப் போனால் நான் தூங்கிய பிறகுதான் வருவார், ஆகையால் என் பள்ளிக்கூட விஷயங்களில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் எந்த வகுப்பு என்பது மட்டும்தான், அதிலும் சில சமயம் ஒன்று குறைத்துச் சொல்லுவார். அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, எட்டாவது வரை படித்தவள், பெயர் இசக்கியம்மாள். அந்தப் பெயரை மயிலாப்பூரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். என்னோடு படித்தவர்களின் அம்மாக்களுக்கெல்லாம் வாயில் வழுக்கிக்கொண்டு போகிற பெயர்கள் இருக்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று உள்ளுக்குள் புழுங்குவேன். கைவேலைகளில் அம்மாவுக்குப் பெரிய பேர் ஒன்றும் கிடையாது. மார்கழியில் அவள் வாசலில் போடும் கோலம் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். கீழ்வீட்டு மாமி, அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர், அதைச் சத்தமில்லாமல் காலால் கலைத்துவிட்டுத் திரும்பப் போடுவார்.

பிளஸ் ஒன்னில் நான் உயிரியல் பிரிவு எடுத்தேன். அதோடு "ரெக்கார்டு" என்கிற பூதமும் வீட்டுக்குள் வந்தது. அந்தப் பிரிவு எடுக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய அட்டை போட்ட நோட்டு, ஒரு பக்கம் கோடில்லாமல், ஒரு பக்கம் கோடு போட்டு. கோடில்லாத பக்கத்தில் பூவையும் கரப்பானையும் தவளையையும் வரைந்து பாகம் குறிக்க வேண்டும், கோடுள்ள பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு சான்றிதழ் அச்சாகி இருக்கும்: இது இந்த மாணவி தன் கையால் செய்தது என்று. அதன்கீழ் ஆசிரியை சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்குள் நுழையவே முடியும். ஆனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் படம் போட்டது அக்காவோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் மாணவனோதான். அது மாணவிகளுக்கும் தெரியும், ஆசிரியைகளுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரைக்கும் அந்தச் சான்றிதழ் உண்மையாகவே இருந்தது.

முதல் படம் செம்பருத்தி. புத்தகத்தைப் பார்த்து நான் வரைந்து, அழித்து, வரைந்து, தாள் நைந்து போனபோது அழுகை வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது பூவா, காத்துல மடங்குன குடையா?"

நான் இன்னும் சத்தமாக அழுதேன். அவள் கீழே போய் மாமி வீட்டுச் செடியிலிருந்து ஒரு செம்பருத்தியைக் கேட்டு வாங்கி வந்தாள். அப்பா முகம் வழிக்கிற பிளேடில் பாதியை எடுத்து அதை நெடுக்காக இரண்டாகக் கீறி, தட்டில் வைத்து, கொஞ்சநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூவு கையில இருக்கையில புஸ்தகத்தப் பாத்து எதுக்கு வரையணும்?" என்றாள். எட்டாவதுக்குப் பிறகு அவள் பென்சில் பிடித்ததே இல்லை. ரேஷன் கார்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கே நாக்கைக் கடித்துக்கொள்பவள் அன்று சாயங்காலம் முழுக்கக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து அழித்துக்கொண்டே இருந்தாள். சாம்பார் அடிப்பிடித்தது. மறுநாளும் வரைந்தாள். மூன்றாம் நாள் ரெக்கார்டில் போட்டுக் கொடுத்தாள். இதழ் ஒன்றின் ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டையைக்கூட விடாமல் போட்டிருந்தாள். "இத எதுக்கும்மா போட்டே?" என்று கேட்டதற்கு, "இருந்துச்சு, போட்டேன்" என்றாள்.

பாகங்களை மட்டும் நான் ஆங்கிலத்தில் குறித்தேன். தாவரவியல் ஆசிரியையை நாங்கள் "பாட்டனி மிஸ்" என்போம். அவர் படத்தைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்துவிட்டுச் சிவப்பில் ஒரு "குட்" போட்டார். அதுவரை எனக்கு எந்த நோட்டிலும் "குட்" கிடைத்ததில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு அந்த ஒரு வார்த்தையை விரலால் தடவிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு மாறிப்போனது. கரப்பானுக்காக ஒன்றை உயிரோடு பிடித்து, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அதன்முன் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். வெங்காயத் தோலின் செல் அமைப்புக்கு என்னிடம் மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிந்தது என்று குறுக்கு விசாரணை செய்துவிட்டு, திருப்தி வராமல், வெங்காயத்தை உரித்து அந்த மெல்லிய சவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரெக்கார்டுக்கு வேண்டியது முடிந்த பின்னும் அவள் கை நிற்கவில்லை. நகைக்கடைகள் கொடுக்கிற மாதக் காலண்டர்களின் பின்பக்கம் முழுக்கப் படங்கள். பால் பாக்கெட், பிரஷர் குக்கர், குளத்துப் படியில் காய்கிற வேட்டி, தூங்குகிற நான். பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். குக்கர் ஒருபக்கம் சரியும், என் மூக்கு எனக்கே அடையாளம் தெரியாது. அவள் கோபப்பட மாட்டாள். "நாளைக்கு வரும்" என்று தாளைச் சுருட்டி வைப்பாள். அவ்வளவு பொறுமையாக அவள் வேறு எதற்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

சந்து முனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ராணியக்காதான் அம்மாவுக்கு முதலில் பட்டம் சூட்டியவர். துணி வாங்க மாடிக்கு வந்தவர் கரப்பான் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"யம்மாடி, அப்டியே மீசைய ஆட்டிக்கினு கீது! நீயா போட்டே? அப்ப நீ ஆர்ட்டிஸ்ட்டும்மா!"

அன்றிலிருந்து ராணியக்கா வாயில் அம்மா "ஆர்ட்டிஸ்ட்டம்மா" ஆனாள். "இன்னா ஆர்ட்டிஸ்ட்டம்மா, இன்னிக்கி இன்னா போட்டே?" என்று கீழிருந்து சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். அம்மா "சும்மா கெடங்கக்கா" என்பாள்; ஆனால் மறுநாள் அந்தக் குரல் வரவில்லையென்றால் ஜன்னலருகே போய் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். ராணியக்காவின் இஸ்திரிப் பெட்டியை வரைந்து கொடுத்தாள், உள்ளே கனல் தெரிகிற மாதிரி. அவர் அதை மாவுப்பசை போட்டு வண்டியின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். ஐப்பசி மழையில் அது கரைந்துபோனது. "இன்னொண்ணு போட்டுக் குடு" என்றார். போடுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

பென்சில் வாங்கக் குளத்தருகே ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போவோம். முதல் தடவை கடைக்காரர், "யாருக்கும்மா?" என்று கேட்டபோது, "பிள்ளைக்கு" என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கார்த்திகையில் மறுபடி போனோம். நிழல் போடுவதற்கு மெத்தென்ற பென்சில் வேண்டுமென்று அவள் எங்கோ கேட்டு வைத்திருந்தாள். கடைக்காரர், "ஸ்கூலுக்குன்னா எச்.பி. போதுமேம்மா, டூ-பி எல்லாம் படம் வரையறவங்க வாங்கறது" என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, "எனக்குத்தான்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்தது என்பது பதினாறு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? யாராவது தெரிந்தவர்கள் கேட்டுவிடப் போகிறார்களே என்றுதான் நான் கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெக்கார்டில் கடைசிப் படம் சங்குப்பூ. மாமி வீட்டு வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து ஒரு முழம் நுனியை வாங்கி வந்து தண்ணீர்ச் சொம்பில் நிறுத்தி, மூன்று நாள் உட்கார்ந்தாள். பூ வாட வாடப் புதிது பறித்து வைத்தாள். வெறும் பென்சில்தான், நீலம் கிடையாது. ஆனாலும் எந்த இதழ் எவ்வளவு நீலம் என்று நிழலைப் பார்த்தே சொல்லிவிடலாம். படத்தைப் பார்க்க மாமியே மூட்டுவலியோடு மாடி ஏறி வந்தார்.

"பேஷ்! ஏண்டிம்மா இசக்கி, எல்லாம் போட்டே, பேரை எங்கே காணோம்?"

"பேரா? பேரெல்லாம் எதுக்கு மாமி?"

"நன்னாருக்கே! எங்காத்துப் பொண்ணு பாடினா சபா நோட்டீஸ்ல பேர் போடறாளோல்லியோ? படம் போட்டா ஓரத்துல பேர் போடணும். இல்லேன்னா யார் போட்டான்னு யாருக்குத் தெரியும்?"

"நான் இப்பத்தான மாமி பழகுதேன். நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

"பழகிண்டிருக்கறவாளுக்குப் பேர் கிடையாதா? என் பொண்ணு சரளி வரிசை பாடிண்டிருந்த நாள்லயும் அவ பாட்டுக்காரிதான்."

மாமி இறங்கிப் போனபின் அம்மா காலண்டர் தாளில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தாள். ரேஷன் கார்டில் போடுவதுபோல் இசக்கியம்மாள் என்று நீளமாக ஒன்று. அப்பாவின் இனிஷியலோடு ஒன்று. தாத்தாவின் இனிஷியலோடு ஒன்று. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெறும் "இசக்கி" என்று, சங்குப்பூக் காம்பு முடிகிற மூலையில், எறும்பு ஊர்கிற மாதிரி நாலே நாலு எழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். அப்போது அவள் முகத்தில் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யாருடைய மனைவியும் யாருடைய அம்மாவும் இல்லாத ஒரு ஆள் எங்கள் சமையற்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் அதைக் கவனிக்கவே இல்லை. மறுநாள் பாகங்களைக் குறித்தபோது பூவின் எதிர்ப்பக்கத்தில்தான் எனக்கு வேலை இருந்தது. தை பிறந்து ரெக்கார்டுகளை மொத்தமாகச் சரிபார்க்கிற நாள் வந்தது. மிஸ் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, பக்கங்களைப் புரட்டி, முன்பக்கச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னுடையதில் கடைசிப் படத்துக்கு வந்தவர் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"யாரு இசக்கி?"

என் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே, மூலையில், தமிழில் அந்தப் பெயர். முன்வரிசையில் யாரோ அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எல்லார் வீட்டுலயும் யாராவது போட்டுத்தான் தராங்க, எனக்குத் தெரியாதா? ஆனா இப்படிப் பேரும் எழுதிக் குடுத்துட்டா, இது உன் வேலைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? சொல்லு, யாரு இது?"

எங்க அம்மா மிஸ். மூன்று வார்த்தைதான். அதைச் சொல்லியிருந்தாலும் அதே திட்டுதான் விழுந்திருக்கும், ஒரு சொட்டும் கூடியிருக்காது. ஆனால் அந்தப் பெயர் என் அம்மாவுடையது என்று ஐம்பது பேருக்கு நடுவில் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் வாய் தானாகச் சொன்னது:

"எங்க வீட்டுல வேலை செய்யறவங்க மிஸ். ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. விளையாட்டா கிறுக்கிட்டாங்க."

"வேலைக்காரம்மா ஆட்டோகிராஃப் போட்டுருக்காங்கடி" என்று பின்னால் ஒரு குரல். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பொய் சொன்னதைவிட, சேர்ந்து சிரித்ததை.

அங்கேயே, அவர் மேசையருகே நின்றபடி, ரப்பரால் அந்த நாலு எழுத்தையும் அழித்தேன். அவள் அழுத்தி எழுதியிருந்ததால் லேசில் போகவில்லை. போகும்வரை தேய்த்ததில் தாளின் அந்த மூலை பஞ்சுபோல் நைந்துபோனது. நாளைக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவந்து ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் மேல் பாய்ந்தேன். நான் சொன்ன பொய்யை மட்டும் மறைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொட்டினேன். "உன்னை யாரு கையெழுத்துப் போடச் சொன்னா? நீ என்ன பெரிய ஆர்ட்டிஸ்ட்டா? ராணியக்கா சும்மா கிண்டல் பண்றது தெரியல உனக்கு? என் பரீட்சையே போச்சு!" அம்மா "அந்தப் பூவு போட்ட தாளு இருக்கா, கிழிச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். "நாளைக்கு நான் வாரேன்" என்றாள்.

மறுநாள் அவள் கல்யாணங்களுக்குக் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பையின் வாயில் தெரிந்த காகிதச் சுருளைப் பார்த்து அது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "டீச்சருக்கு எல்லாம் தெரியுமில்லா. கேட்டாங்கன்னா காட்டலாமேன்னு" என்றாள். காலண்டர் படங்களில் தேறியவற்றைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள். எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்லித்தர ஒரு ஆள் கிடைத்துவிட்டதாக அவளுக்கு எண்ணம். ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு.

ஆசிரியர் அறையில் மிஸ் அவளுக்கு நாற்காலி போட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுல வேலை செய்யறவங்க, இசக்கியாமே, அவங்க படத்தையும் போட்டுக் கையெழுத்தும் போட்டுருக்காங்க. உங்க பொண்ணு சொன்னா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவதற்கான பார்வை இல்லை அது. கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரை இடித்துவிட்டால் ஒரு நொடி பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லாதான் போட்டுருக்காங்க, நான் இல்லைங்கல" என்று மிஸ் தொடர்ந்தார். "நான் பாத்த ரெக்கார்டுல இப்படி ஒரு சங்குப்பூ கிடையாது. படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பாங்க. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கில்ல? இனிமே அவங்ககிட்ட குடுக்காதீங்க."

மஞ்சள் பை அம்மாவின் மடியில் இருந்தது. அவள் அதன் வாயை மெதுவாகச் சுருட்டி மூடினாள்.

"இல்ல டீச்சர். அவ ஊருக்குப் போயிட்டா. இனிமே வரமாட்டா."

மிஸ் நீட்டிய தாளில் அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதினாள். கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றது. பெயரைப் போட்டால் என் பொய் அங்கேயே உடைந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டு, அதுவரை எந்தக் காகிதத்திலும் அவள் போடாத ஒரு கையெழுத்தைப் போட்டாள்: திருமதி ஆறுமுகம். ஆறுமுகம் என்பது அப்பாவின் பெயர். மிஸ் சிவப்புப் பேனாவைத் திறந்து, இது என் கையால் செய்தது என்று சான்றளித்தார்.

குளத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். ஏதாவது சொல்லுவாள், அடிப்பாள், அழவாவது செய்வாள் என்று நான் ஒவ்வொரு அடியிலும் காத்திருந்தேன். கற்பூரக் கடைகளைத் தாண்டும்போது, "பசிக்கா?" என்று கேட்டாள். ஒரு கொய்யாப்பழம் வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவச் சொல்லி, முழுவதையும் என்னிடமே கொடுத்தாள்.

அடுத்த நாள் என் ஜாமெட்ரி பாக்ஸில் அந்த டூ-பி பென்சில் கிடந்தது. சமையற்கட்டு அலமாரித் தட்டுகளில் காலண்டர் தாள்களை விரித்திருந்தாள். படம் போட்ட பக்கம் கீழே, நகைக்கடை பெயர் போட்ட பக்கம் மேலே. அவற்றின்மேல் பருப்பு டப்பாக்கள் வரிசையாக ஏறிவிட்டன. ராணியக்கா கீழிருந்து நாலைந்து நாள் கூப்பிட்டுப் பார்த்தார். "இன்னா ஆர்ட்டிஸ்ட்டம்மா, என் பொட்டி படம் இன்னா ஆச்சு?" அம்மா ஜன்னலில் நின்று, "அதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குக்கா. கண்ணு வலிக்கி" என்றாள். அதன்பிறகு ராணியக்காவும் அவளைப் பழையபடி "மாடியம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது எனக்கே பழகிப்போனது. ரெக்கார்டு நோட்டு, பிளஸ் டூ முடிந்ததும் மற்ற நோட்டுகளோடு பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. நான் வேலைக்குப் போன புதிதில் ஒரு பெரிய வரைதாள் புத்தகமும் பென்சில் பெட்டியும் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் தலைமாட்டில் வைத்தேன். ஒரு வாரம் அது வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு கீழ்வீட்டு மாமியின் பேத்தி அதில் வீடும் மலையும் சூரியனும் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "சின்னப் பிள்ளை கேட்டுச்சு, குடுத்தேன்" என்றாள். அந்தப் போர்ஷனைக் காலி செய்த அன்று அலமாரியைத் துடைத்தவள் நான்தான். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கிடந்த காலண்டர் தாள்களைச் சுரண்டி எடுத்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அப்போதாவது ஒன்றைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் அடியில் கார் நிறுத்துகிற அடுக்குமாடி நிற்கிறது, சங்குப்பூ வேலி இருந்த இடத்தில் ஜெனரேட்டர். அம்மா பாலவாக்கத்தில் என்னோடுதான் கடைசிவரை இருந்தாள். போய் இரண்டு வருஷம் ஆகிறது. இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுதியபோது, அவள் முழுப்பெயரை நான் என் கையால் எழுதுவது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. பேனா ஓடவில்லை.

சென்ற மாதம் பெசன்ட் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கிற ஒரு ஓவிய வகுப்பில் சேர்ந்தேன், அடியோடு ஒன்றும் தெரியாதவர்களுக்கானது. எதற்குச் சேர்ந்தேன் என்று வீட்டில் கேட்டார்கள், சும்மா என்றேன். பத்துப் பேர், ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர்கூட உண்டு. சொல்லித்தருகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். முதல் நாள் எல்லோரையும் ஒரு பூவை வரைய வைத்துவிட்டு, "இப்ப மூலைல கையெழுத்துப் போடுங்க. கோணலா இருந்தா என்ன, இன்னிலேர்ந்து நீங்க எல்லாரும் ஆர்ட்டிஸ்ட்தான்" என்றாள். எல்லோரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே போட்டார்கள். பேங்க் அதிகாரி தேதியும் சேர்த்துப் போட்டார். என்னால் முடியவில்லை. ரப்பர் தேய்ந்து பஞ்சாகிப்போன ஒரு மூலைதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அந்தப் பெண் என் பக்கம் வந்து படத்தைப் பார்த்தாள். காத்தில் மடங்கின குடைதான், இத்தனை வருஷத்தில் அது மாறவில்லை. என்னை உற்சாகப்படுத்த வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, "உங்க ஃபேமிலில யாராச்சும் வரைவாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"எங்க அம்மா" என்றேன். "பேரு இசக்கி. ஆர்ட்டிஸ்ட்."

ஐம்பது பேருக்கு நடுவில் சொல்ல வேண்டியதைப் பத்துப் பேருக்கு நடுவில், இவ்வளவு காலம் கழித்துச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"சூப்பர் ஆன்ட்டி! அடுத்த வாரம் அவங்க படம் ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன், எல்லாரும் பாக்கலாம்."

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."